போர்டுல இண்டிபெண்டன்ட் டைரக்டர் இருந்தா கம்பெனி உருப்படுமா? ஆராய்ச்சித் தலைப்புக்கு யோசனை வேணும்

வண்ணாரப்பேட்டை_டீச்சர்
வணக்கம். ஈவினிங் காலேஜில் காமர்ஸ் எடுக்கிறேன். பார்ட் டைமில் பி.எச்.டி. பதிவு செய்து, தலைப்பை இறுதி செய்யும் கட்டத்தில் இருக்கிறேன். வளரும் நாடுகளில் கம்பெனி நிர்வாகம், அதிலும் இயக்குநர் குழு என்பது வரை முடிவாகிவிட்டது.

கைடு சொல்லும் வழி சுலபமானது. லிஸ்டட் கம்பெனி 200 எடு, பத்து வருஷ டேட்டா இறக்கு, போர்டில் எத்தனை சதவீதம் சுயாதீன இயக்குநர் (இண்டிபெண்டன்ட் டைரக்டர், அதாவது கம்பெனியோடும் முதலாளியோடும் சம்பந்தமில்லாத வெளியாள்) என்பதை ஒரு பக்கம் வை, லாப விகிதத்தை மறுபக்கம் வை, ரிக்ரெஷன் என்கிற புள்ளியியல் கணக்கைப் போடு, முடிந்தது. முடித்துவிடலாம்தான். ஆனால் இதே தீசிஸ் எங்கள் லைப்ரரியில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. கம்பெனிப் பட்டியலையும் வருஷத்தையும் மாற்றினால் ஒன்று இன்னொன்றாகிவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர் ஹைரோடு. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, மணலியில் சி.பி.சி.எல். (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை), எம்.எஃப்.எல். (உர ஆலை), பெட்ரோகெமிக்கல் கம்பெனிகள். பத்து கிலோமீட்டருக்குள் அரசுக் கம்பெனி, குடும்பக் கம்பெனி, அரசும் தனியாரும் கூட்டு சேர்ந்த கம்பெனி என்று எல்லா ஜாதியும் இருக்கிறது. இவற்றை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

இதுவரை படித்ததில் மனதில் நின்றது பெர்னார்ட் பிளாக்கும் விக்ரமாதித்ய கன்னாவும் 2007-இல் வெளியிட்ட கட்டுரை. 1999 மே மாதம், கம்பெனி நிர்வாக விதிகளை வகுக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அமைத்த குமாரமங்கலம் பிர்லா கமிட்டி பற்றிய அறிவிப்பு வந்த இரண்டு நாளில், புதிய விதி முதலில் பாயப் போகிற பெரிய கம்பெனிகளின் பங்கு விலை சின்னக் கம்பெனிகளைவிட ஏறக்குறைய 4% கூடுதலாக ஏறியது என்கிறார்கள். விதி போட்டால் மதிப்பு ஏறுகிறது என்றால் பத்தே வருஷத்தில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடி எப்படி நடந்தது? இந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது.

மணலி_பி_ஷிஃப்ட்
டீச்சரம்மா, நல்லா கேட்டீங்க. நான் பப்ளிக் செக்டர்ல முப்பது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன். எந்தக் கம்பெனின்னு இங்க வேணாம். எங்க போர்டுல டைரக்டர் யாருன்னு எங்களுக்கு பேப்பர் பார்த்துதான் தெரியும். எம்.டி.க்கே அப்படித்தான்னு சொல்லுவாங்க. டெல்லில மினிஸ்ட்ரி ஃபைல் நகர்ந்தாதான் சீட்டு நிரம்பும். நகரலைன்னா காலி.

இதுல தமாஷ் இன்னான்னா, போர்டுல போதுமான இண்டிபெண்டன்ட் டைரக்டர் இல்லன்னு ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் ஃபைன் போடும். ஐ.ஓ.சி., ஓ.என்.ஜி.சி., கெயில் எல்லாம் வாங்கிக்கீது. கம்பெனி இன்னா பதில் சொல்லும்? "நியமனம் எங்க கையில இல்ல, மத்திய அரசு கையில கீது, ஃபைனைத் தள்ளுபடி பண்ணுங்க." தப்பு பண்ணது ஓனரு, ஃபைன் கம்பெனிக்கு, அதுல பங்கு வெச்சிருக்கிற பொதுஜனத்துக்கும் சேர்த்து. இதை எந்த ரிக்ரெஷன்ல போடுவீங்க?

டிரேடர்_கொருக்குப்பேட்டை
போர்டெல்லாம் சும்மா ஃபோட்டோவுக்கு. விலைதான் எல்லாத்தையும் சொல்லும். சத்யம் கதையையே எடுங்க. 2008 டிசம்பர் 16, சத்யம் சேர்மன் ராமலிங்க ராஜு குடும்பத்தோட மேடாஸ் கம்பெனிகள் ரெண்டை 160 கோடி டாலருக்கு வாங்கலாம்னு போர்டு ஓகே சொன்னது. அன்னைக்கு ராத்திரியே நியூயார்க்ல ஏ.டி.ஆர். (அங்க விக்கிற சத்யம் பங்கு) பாதிக்கு மேல விழுந்தது. சில மணி நேரத்துல டீல் கேன்சல். தடுத்தது போர்டா, மார்க்கெட்டா? டீச்சர் நேரத்தை வீணாக்காதீங்க. சார்ட் பாருங்க.

பாரிமுனை_செகரட்டரி
தம்பி, அவசரப்படாதீங்க. அந்த போர்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். ஐ.எஸ்.பி. பிசினஸ் ஸ்கூல் டீன் எம்.ராம்மோகன் ராவ், இன்டெல் பென்டியம் புகழ் வினோத் தாம், முன்னாள் கேபினட் செயலர் டி.ஆர்.பிரசாத், ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பலெப்பு. பலெப்பு யார்? தருண் கன்னாவோடு சேர்ந்து, வளரும் நாடுகளில் சந்தையைத் தாங்கும் அமைப்புகள் இல்லாததால்தான் பெரிய வணிகக் குழுமங்கள் அந்த ஓட்டைகளை அடைக்கின்றன என்று ஆராய்ந்து எழுதியவர். அந்தத் துறையின் கரைகண்டவரே மேஜையில் இருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதற்குச் சில மாதம் முன்புதான், 2008 செப்டம்பரில், நல்ல நிர்வாகத்துக்கென்று கோல்டன் பீகாக் விருது வாங்கியிருந்தது கம்பெனி. 2009 ஜனவரி 7-ஆம் தேதி ராஜுவின் ஒப்புதல் கடிதம் வந்தது. கணக்கில் காட்டிய வங்கி இருப்பு 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை.

மார்க்கெட் தடுத்தது என்கிறீர்களே, அது தடுத்தது மேடாஸை மட்டும். பல வருஷமாக இல்லாத பணத்துக்கு விலை போட்டுக்கொண்டிருந்ததும் அதே மார்க்கெட்தான்.

டீச்சருக்கு ஒன்று சொல்கிறேன். பாரிமுனைப் பக்கம் ஒரு லிஸ்டட் கம்பெனியில் நெடுங்காலம் செகரட்டரியாக இருந்தவன் நான். பெயர் வேண்டாம். தலை எண்ணுவதால் ஏன் ஒன்றும் தெரியாது என்பதற்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சட்டப்படி ஏழு நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும், அஜெண்டா குறிப்புகளும் போக வேண்டும். போகும். 300 பக்கம் போகும். அதில் முக்கியமான காகிதம் மட்டும் "விலையைப் பாதிக்கும் தகவல்" என்று நிறுத்தி வைக்கப்பட்டு, அன்று காலை மேஜை மேல் வரும். டேபிள் ஐட்டம் என்போம். வெளியூர் டைரக்டர் நாலு மணி ஃப்ளைட் பிடிக்க வேண்டும். புரொமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) குடும்பத்தின் இன்னொரு கம்பெனியோடு போடும் ஒப்பந்தம் சாப்பாட்டுக்கு அப்புறம், கடைசிக்கு முந்தின ஐட்டமாக வரும். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்த விலைக்கு வேற கொட்டேஷன் வாங்கினீங்களா?" என்று கேட்டார். சேர்மன் என்னைப் பார்த்தார். "அடுத்த மீட்டிங்கில் வைக்கிறோம்" என்றேன். அவ்வளவுதான், நிறைவேறியது.

மினிட்ஸ் டிராஃப்டில் அந்தக் கேள்வியை எழுதியிருந்தேன். சேர்மன் அறைக்குப் போய் வந்தபோது அந்த வரி மேல் பென்சிலில் ஒரு கோடு. பக்கத்தில் "விவாதித்து ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று அழகான கையெழுத்து. டிராஃப்ட் எல்லாருக்கும் போனது. கேள்வி கேட்டவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை.

உங்கள் எக்செல் ஷீட்டில் அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் பாதிக்குப் பாதி சுயாதீன இயக்குநர், நூறு சதவீத வருகை. உங்கள் எண் சொல்லும், உத்தமமான போர்டு என்று.

வியாசர்பாடி_லேத்
சார் எழுதினதைப் படிச்சு சிரிச்சிட்டேன். நம்மளுது பிரைவேட் லிமிடெட். மொத்த போர்டே நானும் வீட்டுக்காரியும்தான். எங்க வீட்ல டேபிள் ஐட்டம் எதுவும் பாஸ் ஆகாது, கொட்டேஷன் காட்டாம ஒரு ஸ்பிண்டில் கூட வாங்க முடியாது. ஆடிட்டர் ஃபீஸ் மட்டும் பெரிய கம்பெனி மாதிரி. சரி, நீங்க பேசுங்க.

புள்ளியியல்_பெரம்பூர்
டீச்சர், உங்கள் கைடு சொன்ன மாடலில் மூன்று ஓட்டை இருக்கிறது. செகரட்டரி சார் சொன்னது அளவுகோலின் ஓட்டை. இரண்டாவது, எது காரணம் எது விளைவு என்பது. நன்றாக நடக்கிற கம்பெனிக்குத்தான் நல்ல பெயருள்ளவர்கள் டைரக்டராக வர ஒப்புக்கொள்வார்கள். நல்ல போர்டால் லாபமா, லாபத்தால் நல்ல போர்டா? மூன்றாவது, நம் ஊரில் சட்டமே எண்ணிக்கையைக் கட்டிப்போட்டுவிட்டது. சேர்மன் புரொமோட்டர் ஆளாக இருந்தால் பாதி, சம்பந்தமில்லாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. எல்லாரும் அந்த விளிம்பில்தான் நிற்பார்கள். வேறுபாடே இல்லாத எண்ணை வைத்து எதை அளப்பீர்கள்?

இந்தச் சிக்கலைக் கொரியாவில் சாமர்த்தியமாகத் தாண்டினார்கள். அங்கே 1997 நெருக்கடிக்குப் பிறகு வந்த சட்டம், சொத்து 2 லட்சம் கோடி வோனுக்கு மேல் இருக்கும் கம்பெனிக்கு மட்டும் பாதி பேர் வெளி இயக்குநராக இருக்க வேண்டும் என்றது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே இருக்கிற கம்பெனிகள் மற்றபடி ஒரே மாதிரிதான். அவற்றை ஒப்பிட்டு, சட்டத்தால் வந்த மாற்றத்தைப் பிரித்துப் பார்த்தார்கள் பிளாக், ஜாங், கிம். மதிப்பு கூடியது என்று கண்டார்கள். நீங்கள் சொன்ன பிளாக், கன்னா கட்டுரையின் பலமும் அதே வகை: பெரிய கம்பெனிக்கு முதலில், சின்னதற்குப் பிறகு என்ற வேறுபாடு.

ஆனால் அதைவிட முக்கியமானது கேள்வியே எங்கிருந்து வந்தது என்பது. 1932-இல் பெர்லும் மீன்ஸும் அமெரிக்காவைப் பார்த்துச் சொன்ன பிரச்சினை, பங்குகள் லட்சம் பேரிடம் சிதறிக் கிடக்கின்றன, முதலாளி என்று ஒருவரும் இல்லை, மேனேஜர் தன்னிஷ்டத்துக்கு ஆடுகிறார் என்பது. அதற்கு மருந்துதான் சுயாதீன இயக்குநர். கிழக்காசியாவில் கிளாசென்ஸ், ஜான்கோவ், லாங் மூவரும் ஒன்பது நாடுகளில் 2,980 கம்பெனிகளைத் தோண்டிப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பங்குதாரரின் பிடியில் இருந்தன. இந்தியாவும் அந்த ஜாதிதான். முதலாளி எங்கேயும் போகவில்லை, போர்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கை சின்னப் பங்குதாரர் பாக்கெட்டுக்குள் போகிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

அதற்கு இந்திய டேட்டாவிலேயே ஒரு அருமையான வேலை இருக்கிறது. மரியான் பெர்ட்ரண்ட், பரஸ் மேத்தா, செந்தில் முல்லைநாதன், 2002. (முல்லைநாதன் தமிழர்தான், பெயரே சொல்லும்.) ஒரு குழுமத்தில் பத்து கம்பெனி. சிலதில் குடும்பத்துக்கு அதிகப் பங்கு, சிலதில் குறைவு. குறைவாகப் பங்குள்ள கம்பெனியின் தொழிலில் திடீர் லாபக் காற்று அடித்தால் அந்தப் பணம் அங்கேயே தங்குகிறதா, இல்லை குடும்பம் அதிகப் பங்கு வைத்திருக்கும் கம்பெனிப் பக்கம் நழுவுகிறதா என்று பார்த்தார்கள். நழுவியது. அதுவும் விற்பனை லாபம் வழியாக அல்லாமல் பெரும்பாலும் "இதர வருமானம்" என்ற பகுதி வழியாக. யார் திருடினார் என்று கேட்காமல் பணத்தின் தடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

டிரேடர்_கொருக்குப்பேட்டை
இதை ஒத்துக்கிறேன். அனுவல் ரிப்போர்ட்ல நான் முதல்ல பார்க்கிறதே ரிலேட்டட் பார்ட்டி நோட்தான், அதாவது முதலாளியோட சொந்தக் கம்பெனிங்க, ஆளுங்களோட நடந்த வியாபாரக் கணக்கு, குரூப் கம்பெனிக்குக் கொடுத்த லோன் எவ்வளவு, ராயல்டி எவ்வளவுன்னு. ஆனா இண்டிபெண்டன்ட் டைரக்டர் வாயைத் திறந்தா என்ன ஆகும்னும் பார்த்தோமே. 2016-ல டாடா சண்டை. சேர்மன் பதவிலேர்ந்து தூக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி பக்கம் பேசின நஸ்லி வாடியா, டாடா கெமிக்கல்ஸ், டாடா மோட்டார்ஸ், டாடா ஸ்டீல் மூணுலயும் டிசம்பர் மாசம் ஓட்டுப் போட்டு வெளிய அனுப்பப்பட்டார். புரொமோட்டர் ஓட்டும் அதுல சேர்த்தி. வாடியாவே பெரிய இடம், அவருக்கே அந்த கதி. ரிட்டயர்டு ஆபீசர் சாதாரணமா ஒரு மீட்டிங்குக்கு ஒரு லட்சம் வரைக்கும் சிட்டிங் ஃபீஸ் வாங்கிட்டு இருக்கிறவர் பேசுவாரா?

பாரிமுனை_செகரட்டரி
அப்போது சாதாரணத் தீர்மானமே போதும், பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் ஆள் காலி. 2022 ஜனவரி 1 முதல் செபி மாற்றிவிட்டது. லிஸ்டட் கம்பெனியில் சுயாதீன இயக்குநரை நியமிக்க, மீண்டும் நியமிக்க, நீக்க, எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சிறப்புத் தீர்மானம். போட்ட ஓட்டில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். புரொமோட்டரிடம் 50% இருந்தாலும் வெளிப் பங்குதாரர் மனம் வைத்தால் தடுக்கலாம்.

டீச்சர், உங்கள் புதையல் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பொதுக்கூட்டமும் முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் ஓட்டு விவரத்தை எக்ஸ்சேஞ்சில் போட்டாக வேண்டும். புரொமோட்டர் எவ்வளவு, நிறுவன முதலீட்டாளர் எவ்வளவு, மற்ற பொதுமக்கள் எவ்வளவு, ஆதரவு எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். போர்டு மினிட்ஸை வெளியாள் பார்க்கவே முடியாது, பார்த்தாலும் என் மாதிரி ஆள் எழுதியதுதான். ஓட்டு விவரத்தில் யாரும் பென்சில் வைக்க முடியாது.

சீனாவில் இன்னொரு வசதி உண்டு. 2001-இல் விதி கொண்டுவந்து, 2003 ஜூனுக்குள் போர்டில் மூன்றில் ஒரு பங்கு சுயாதீன இயக்குநர் என்றார்கள். அவர்கள் மாற்றுக் கருத்து சொன்னால் அதைப் பகிரங்கமாக வெளியிடவும் வேண்டும். அதனால் தனி ஆள் யார், எப்போது எதிர்த்தார் என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ண முடிகிறது. சந்தை முளைவிட்டு முப்பது வருஷம்கூட ஆகாத காலத்திலேயே அங்கே கிடைத்த அந்த டேட்டா, நூறு வருஷத்துக்கு மேல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் நடத்துகிற நம்மிடம் இல்லை.

ராயபுரம்_பழசு
நூறு வருஷம்னு எடுத்துட்டீங்க, அதனால வர்றேன். பாரிமுனைக்கு இந்த விவகாரம் புதுசே இல்ல. 1906 அக்டோபர் 22, அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தினது. மெட்ராஸ்ல அதைவிடப் பெரிய பேர் கிடையாது. விதவைங்க, ரிட்டயர்டு குமாஸ்தாங்க, ஜமீன்னு எல்லார் பணமும் போச்சு. லண்டன் பார்ட்னர் மக்ஃபேடியன் தற்கொலை பண்ணிக்கிட்டார், சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். வெள்ளைக்காரன் பேங்கை நம்பினது போதும்னு வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னால நின்னு 1907-ல இந்தியன் பேங்க் ஆரம்பிச்சாங்க. அதுவும் பாரிமுனைதான்.

அப்புறம் மேனேஜிங் ஏஜென்சி. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லுக்குப் பங்குதாரர் உண்டு, டைரக்டர் உண்டு, எல்லாம் உண்டு. நடத்துறது பின்னி. ஏஜெண்டுக்குக் கமிஷன் முதல்ல, மிச்சம் மீதி பங்குதாரருக்கு. நாடு முழுக்க அதே முறை. 1970 ஏப்ரல்லதான் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. ஒழிச்சதும் என்னாச்சு? ஏஜென்சி ஆபீஸ் போர்டை இறக்கிட்டு ஹோல்டிங் கம்பெனி (மத்த கம்பெனிகளோட பங்கை வெச்சிருக்கிற கம்பெனி) போர்டை மாட்டிக்கிட்டாங்க. நீங்க லிஸ்டட் கம்பெனி போர்டை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னா பக்கத்து ரூம்ல நடக்கிறது தெரியவே தெரியாது.

வண்ணாரப்பேட்டை_டீச்சர்
ராயபுரம் ஐயா சொன்ன பக்கத்து ரூம் பற்றி எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ். பாரிமுனை டேர் ஹவுஸில் இருக்கும் முருகப்பா குழுமத்தின் ஹோல்டிங் கம்பெனி. சந்தையில் லிஸ்ட் ஆகாதது. எம்.வி.முருகப்பன் மறைந்த பிறகு அவர் குடும்பத்திடம் 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம் போர்டில் இடம் கேட்டார். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கு மேல் எதிர் ஓட்டு. 2023-இல் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது.

லிஸ்டட் கம்பெனிக்கு ஒரு பெண் இயக்குநர் கட்டாயம், முதல் 1000 கம்பெனிக்கு 2020 ஏப்ரலிலிருந்து பெண் சுயாதீன இயக்குநரே கட்டாயம். அதனால் கீழே இருக்கிற கம்பெனிகளின் போர்டில் பெண்கள் இருப்பார்கள், என் டேட்டாவில் கட்டம் டிக் ஆகும். அதிகாரம் பிறக்கிற மேல் தளத்தில் அந்த விதி எட்டாது. இதைப் படிக்கும்போது ஒரு பெண்ணாக எரிச்சல் வந்தது. ஆராய்ச்சியாளராகப் பார்த்தால், எந்தத் தளத்தில் அளக்க வேண்டும் என்ற கேள்வி வருகிறது.

எண்ணூர்_கழிமுகம்
எல்லாரும் பங்குதாரர், பங்குதாரர்னே பேசுறீங்க. 2023 டிசம்பர்ல என்ன நடந்ததுன்னு மறந்துட்டீங்களா? மிக்ஜாம் வெள்ளத்தோட ஆத்துல எண்ணெய் வந்தது. வலை, படகு எல்லாம் தார் பூசின மாதிரி. அது காயறதுக்குள்ள 26-ஆம் தேதி ராத்திரி கோரமண்டல் ஆலையோட கடலடிக் குழாய்ல அம்மோனியா கசிஞ்சு பெரியகுப்பம் ஜனங்க கைக்குழந்தையைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க. இது எந்த போர்டு மீட்டிங்ல எந்த ஐட்டம்? குழாயை எப்போ டெஸ்ட் பண்ணணும், அதுக்கு எவ்வளவு காசுன்னு முடிவு பண்றவங்களுக்கு மேல யார் உக்காந்திருக்காங்க?

பாரிமுனை_செகரட்டரி
நியாயமான கேள்வி தம்பி. சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம் 166-ஆம் பிரிவு, டைரக்டரின் கடமை என்று பங்குதாரரோடு சேர்த்துத் தொழிலாளி, சமூகம், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் சொல்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தைவிட நம்முடையது இந்த விஷயத்தில் ஒரு படி மேல் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கடமையை மீறினார் என்று மீனவர் ஒருவர் நேராகக் கேட்க வழி இல்லை. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே பதில் சொல்வது கம்பெனி. டைரக்டர் தனி ஆளாகக் கூண்டில் ஏறுவது அபூர்வம்.

மணலி_பி_ஷிஃப்ட்
தொழிலாளி பேச்சு வந்ததால ஒண்ணு. நம்ம ஏரியாவிலேயே ரெண்டு துறைமுகம். மெட்ராஸ் ஹார்பர் போர்டுல தொழிலாளி சார்பா ரெண்டு பேருக்குச் சட்டத்துலயே சீட்டு கீது. 2021-ல புதுச் சட்டம் வந்தப்புறமும் கீது. எண்ணூர் காமராஜர் துறைமுகம் கம்பெனிச் சட்டத்துல ஆரம்பிச்சது, அதுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 2020-ல மத்திய அரசு பங்கை 2,383 கோடி கொடுத்து ஹார்பரே வாங்கிடுச்சு. அம்மா வூட்ல தொழிலாளிக்கு நாற்காலி, பொண்ணு வூட்ல இல்ல. அரசியல் சட்டத்துல 43-ஏன்னு போட்டு, நிர்வாகத்துல தொழிலாளி பங்கேற்புன்னு 1976-லேயே எழுதியாச்சு. எழுதினதோட சரி.

புள்ளியியல்_பெரம்பூர்
மணலி அண்ணன் சும்மா சொன்னாலும் இது அபாரமான ஒப்பீடு. ஒரே உரிமையாளர், ஒரே தொழில், இரண்டு வகை போர்டு. எண்ணிக்கை இரண்டுதான் என்பதால் ரிக்ரெஷன் வராது. ஆழமாக எழுதும் கேஸ் ஸ்டடியாக வரும். கைடு முகம் சுளிப்பார், சமாளியுங்கள்.

வண்ணாரப்பேட்டை_டீச்சர்
இரண்டு நாளாக யோசித்து ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறேன். அடித்து நொறுக்குங்கள்.

போர்டில் எத்தனை பேர் என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அவர்களை யார் உட்கார வைக்கிறார், யார் எழுப்ப முடியும் என்பதுதான் கேள்வி. மணலி, எண்ணூர் வட்டாரக் கம்பெனிகளை உரிமையாளர் வகைப்படி பிரிக்கிறேன். ஒன்று மத்திய அரசுக் கம்பெனிகள். சி.பி.சி.எல்.லில் ஐ.ஓ.சி.க்கு 51.89%, ஈரானின் நைகோவுக்கு 15.40%. எம்.எஃப்.எல்.லில் அரசுக்கு 59.50%, அதே நைகோவுக்கு 25.77%. இன்னொன்று குடும்பக் குழுமங்கள். மூன்றாவது, தமிழக அரசின் டிட்கோவும் தனியாரும் சேர்ந்து தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் போன்றவை. ஒவ்வொன்றிலும் இயக்குநர் நியமனத்துக்கும், ரிலேட்டட் பார்ட்டி தீர்மானங்களுக்கும் 2022-லிருந்து பொதுமக்கள் பிரிவில் விழுந்த ஓட்டு. கூடவே போர்டில் நாற்காலி எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்ற கணக்கு.

பாரிமுனை_செகரட்டரி
நன்றாக இருக்கிறது. ஒரு பொறி இருக்கிறது, கவனம். பெரிய ரிலேட்டட் பார்ட்டி ஒப்பந்தத்தில், அதாவது 1,000 கோடி அல்லது விற்றுமுதலில் 10%, எது குறைவோ அதற்கு மேல் போனால், பங்குதாரர் ஒப்புதல் வேண்டும், சம்பந்தப்பட்டவர் ஆதரித்து ஓட்டுப் போட முடியாது. இது 2022 ஏப்ரலில் வந்த அளவுகோல், பிறகு செபி திருத்தியிருக்கிறது, ஆண்டுவாரியாகச் சரிபாருங்கள். ஆனால் இரண்டு அரசுக் கம்பெனிகளுக்கு நடுவில் நடக்கும் வியாபாரத்துக்கு அந்த விதியில் விலக்கு. சி.பி.சி.எல். தயாரிப்பில் பெரும்பகுதியை வாங்கி விற்பது ஐ.ஓ.சி.தான். தாய்க் கம்பெனியோடு இவ்வளவு வியாபாரம் நடந்தும் பொதுப் பங்குதாரர் அதற்கு ஓட்டுப் போட்ட ரெக்கார்டு உங்களுக்குக் கிடைக்காது. டேட்டா இல்லை என்று அந்த வரியை நீக்கிவிடாதீர்கள். குடும்பக் கம்பெனி மேல் செபிக்கு இருக்கிற சந்தேகம் அரசு மேல் ஏன் இல்லை என்று ஒரு அத்தியாயமே எழுதலாம்.

டிரேடர்_கொருக்குப்பேட்டை
அரசு கம்பெனில பொது நன்மைக்காக விலையைக் குறைச்சு வித்தா அது திருட்டு ஆகுமா சார்? கேஸ் விலை, டீசல் விலை எல்லாம் அப்படித்தானே ஓடுது.

பாரிமுனை_செகரட்டரி
திருட்டு என்று நான் சொல்லவில்லை. சின்னப் பங்குதாரர் பையிலிருந்து போகிறது, அவரைக் கேட்கவில்லை. இரண்டும் உண்மை. எந்தப் பக்கம் நிற்பது என்பது உங்கள் அரசியல். எனக்கு விலக்கு பிடிக்கவில்லை, கேட்டுவிட்டுச் செய்யட்டும் என்பேன்.

எண்ணூர்_கழிமுகம்
டீச்சர், உங்க லிஸ்ட்ல நாங்க இல்ல.

வண்ணாரப்பேட்டை_டீச்சர்
கவனித்தேன் தம்பி. முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் வருஷா வருஷம் கொடுக்கும், சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் மக்கள் புகார் எத்தனை வந்தது, எத்தனை தீராமல் நிற்கிறது என்று ஒரு கட்டம் இருக்கிறது. எண்ணூர்க் கம்பெனிகள் அதில் என்ன எழுதுகின்றன என்பதைக் குப்பத்தில் கேட்டு ஒப்பிட வேண்டும். அதற்கு உங்கள் உதவி வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேச முடியுமா?

எண்ணூர்_கழிமுகம்
பேசலாம். ஞாயித்துக்கிழமை வாங்க. அனுவல் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க, அவங்க ஃபோன்ல படிக்க மாட்டாங்க. அந்தப் புகார்க் கட்டத்தை மட்டும் தமிழ்ல எழுதி வெச்சிடுங்க.

மணலி_பி_ஷிஃப்ட்
இன்னொரு யோசனை டீச்சரம்மா. ஒவ்வொரு கம்பெனிலயும் ஒரே ஒரு ஷேர் வாங்கிப் போடுங்க. ஏ.ஜி.எம்.ல, அதான் வருஷாந்திரப் பொதுக்கூட்டத்துல பேசலாம். முன்னெல்லாம் ஹால்ல நடக்கும், ஸ்வீட் பாக்ஸ் குடுப்பாங்க, அதுக்குன்னே வர்ற கூட்டம் உண்டு. 2015-லேர்ந்து கிஃப்ட் குடுக்கக் கூடாதுன்னு விதி வந்துச்சு, கூட்டம் பாதியா போச்சு. இப்போ வீடியோலயே நடத்துறாங்க. பேசணும்னா முன்னாடியே ஸ்பீக்கர்னு பேர் குடுக்கணும். மினிஸ்ட்ரி ஏன் சீட்டை நிரப்பலன்னு நேரா சேர்மனையே கேளுங்க. பதில் இன்னா வரும்னு எனக்குத் தெரியும், ஆனா ரெக்கார்டு ஆயிடும்ல.

பாரிமுனை_செகரட்டரி
கட்-ஆஃப் தேதிக்குள் டீமேட் கணக்கில் பங்கு ஏறியிருக்க வேண்டும். அது பெரும்பாலும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு இருக்கும். நோட்டீஸில் ஸ்பீக்கர் பதிவுக்கான மெயிலும் கடைசித் தேதியும் போட்டிருப்பார்கள், தேடிப் பிடியுங்கள், பெரும்பாலும் பின்குறிப்பில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே போடுவதும் நாங்கள்தான்.